போகுது என்றால் விலகு

மேஸ்திரி மல்லாந்து கிடந்தார். மூச்சே வரவில்லை. மேலே ஆறு முகங்கள், ஒன்றிலும் ஈயாடவில்லை. அவரைத் தாங்கிப் பிடிக்க வேண்டிய அந்த ஆறு பேரும், கைகளைத் தோளுக்கு மேலே தூக்கிக்கொண்டு, இரண்டடி தள்ளி நின்றிருந்தார்கள்.

கண்ணாடி வெட்டும் பட்டறையில் அன்றைக்கு இயந்திரங்களை நிறுத்திவிட்டு, குழு ஒற்றுமைப் பயிற்சி. பயிற்சியாளரின் அறிக்கை மோசமாக வந்தால் ஆறு பேரையும் பிரித்து வேறு பட்டறைகளுக்கு அனுப்பிவிடுவேன் என்று முதலாளி ஏற்கெனவே சொல்லிவிட்டார். பன்னிரண்டு வருடம் ஒன்றாக உழைத்தவர்கள்.

"மேசை மேல ஏறி, கண்ண மூடிக்கிட்டுப் பின்னால சாயுங்க. உங்க ஆளுங்க புடிச்சுக்குவாங்க. அவ்வளவுதான்," என்றார் பயிற்சியாளர்.

இதென்ன பிரமாதம் என்று மேஸ்திரி ஏறினார். சாய்ந்தார். பொத்தென்று விழுந்தார். கீழே தடித்த மெத்தை மட்டும் இல்லையென்றால் முதுகெலும்பு போயிருக்கும்.

ஆனால் வலி முதுகில் இல்லை. இவர்களுக்காக முதலாளியிடம் அவர் வாங்காத திட்டா? பாம்புக்கா இத்தனை நாள் பால் வார்த்தோம்? ஒருவருக்குக் கோபம் இருக்கலாம், இருவருக்கு இருக்கலாம். ஆறு பேருக்குமா?

பயிற்சியாளர் கையிலிருந்த அட்டையில் பெரிதாக ஒரு சைபர் போட்டார். "நானும் எத்தனையோ கம்பெனி பாத்துட்டேன். ஒருத்தராவது கை நீட்டுவாங்க சார்."

மேஸ்திரி, அந்த ஆறு பேரில் கண்ணாடி விளிம்பு தேய்க்கும் அக்காவைப் பார்த்தார். "ஏம்மா, உங்களுக்கெல்லாம் நான் அப்படி என்ன பாவம் பண்ணிட்டேன்?"

"அண்ணே, நீங்கதானே கத்துனீங்க," என்றார் அக்கா.

"நானா? என்னன்னு?"

"போகுதுன்னு."

மேஸ்திரிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஆளுயரக் கண்ணாடி கை நழுவினால், பார்த்தவர் "போகுது!" என்று கத்த வேண்டும், மற்றவர்கள் கையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போய்விட வேண்டும். விழுவதை யாரும் பிடிக்கக் கூடாது. அந்தப் பட்டறையின் முதல் சட்டம் அது. அப்படிப் பிடிக்கப் போய்த்தான் மேஸ்திரியின் இடது கையில் இன்றைக்கு மூன்றே விரல். அதற்குப் பிறகு வேலைக்கு வந்த இந்த ஆறு பேருக்கும் தினம் காலையில் அதைச் சொல்லிச் சொல்லிப் பழக்கியவர் அவர்தான். ஒரு தடவை தெரியாமல் கை நீட்டிய அக்காவைத் தெருவே திரும்பிப் பார்க்கும்படி திட்டித் தீர்த்தவரும் அவர்தான். விழுகிற பயத்தில் வாய் தானாகக் கத்தியிருக்கிறது. அவர் காதுக்கே அது எட்டவில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பது சரியாகத்தான் இருக்கிறது.

"யோசிச்சா போனோம்? காலு தானா போயிடுச்சுண்ணே," என்றார் வெட்டுக்காரர், அழாக்குறையாக.

மேஸ்திரி எழுந்தார். "இன்னொரு தடவை சார்."

கைக்குட்டையைச் சுருட்டி வாயில் திணித்துக் கடித்துக்கொண்டார். மேசையில் ஏறிக் கண்ணை மூடிச் சாய்ந்தார்.

பன்னிரண்டு கைகள் அவரை ஏந்திக்கொண்டன. யாரோ விசும்புவது கேட்டது.

பயிற்சியாளர் சைபரை அடித்துவிட்டு விழித்தார். "மொதல்ல விட்டுட்டீங்க, இப்ப புடிச்சிட்டீங்க. நான் என்னன்னுதான் மார்க் போடுறது?"

"எல்லாரும் கைய நீட்டுங்க," என்றார் அக்கா. ஆறு பேரும் விரல்களை விரித்து நீட்டினார்கள். "எண்ணிப் பாத்துப் போடுங்க சார். பன்னெண்டு வருஷமாக் கண்ணாடியோட மல்லுக்கட்டுறோம். அறுபதும் இருக்கு."

பயிற்சியாளர் நிஜமாகவே எண்ணினார். பிறகு மேஸ்திரியின் மூன்று விரல் கையைப் பார்த்தார். அட்டையைத் திருப்பி, 'இவர்களைப் பிரிக்க வேண்டாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மேஸ்திரி இடது கையை மெல்லச் சட்டைப்பைக்குள் நுழைத்துக்கொண்டார்.