வெறும் வயிற்றில் ஆஸ்பிரின்

கழக ஆட்சி வந்த புதிது. நடவுக் கூலியை உயர்த்தச் சொல்லி விவசாயச் சங்கம் கேட்டதால், திருக்காட்டுப்பள்ளி மிராசுதார் துரைக்கண்ணு பேச்சுவார்த்தைக்கு உட்கார வேண்டியதாயிற்று. எதிரே சங்கத்தின் சார்பில் எல்லையம்மாள். அவள் பேச்சில் விட்டுக்கொடுக்கமாட்டாள். துரைக்கண்ணுவுக்குத் தினமும் தலை வலித்தது. கோபத்தில் சோறு இறங்கவில்லை. காப்பியும் ஆஸ்பிரினுமாக நாளை ஓட்டினார்.

"மாத்திரைக்குத் தொட்டுக்க ஊறுகா வைக்கட்டுங்களா?" என்றாள் மனைவி சுந்தரி.

"பெட்டிக்கடையிலயே விக்கிறான். அதுல என்ன கெடுதல் வந்துடப்போவுது?"

வயிறு எரிந்தது. சோடா குடித்துச் சமாளித்தார். பிறகு மலம் தார் மாதிரி கறுத்துப் போயிற்று. அதை யாரிடம் போய்ச் சொல்வது என்று வெட்கப்பட்டுப் பேசாமல் இருந்துவிட்டார்.

அடுத்த பேச்சுவார்த்தையில் மேசையைத் தட்ட எழுந்தவர் அப்படியே சரிந்தார். தரையில் விழுமுன் தாங்கிப் பிடித்தவள் எல்லையம்மாள்தான்.

"கொஞ்சம் இறங்கி வாங்கன்னுதான் கேட்டோம். விழச் சொல்லலைங்களே" என்றாள்.

சுந்தரிக்கு ஆள் அனுப்பி வரவழைத்து, காரில் அவளோடு தானும் ஏறிக்கொண்டாள். தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரியில் டாக்டர் கண் இமையை இழுத்துப் பார்த்தார். உள்பக்கம் வெளுத்திருந்தது.

"வலி மாத்திரை ஏதும் போடுறீங்களா?"

"எப்பவாவது" என்றார் துரைக்கண்ணு.

"எப்பவாவதுதான் போடாம இருப்பாரு" என்றாள் சுந்தரி.

"வெளிக்கு எப்படிப் போவுது? கறுப்பாவா?"

துரைக்கண்ணு ஓரக்கண்ணால் எல்லையம்மாளைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்.

"நான் வெளியில நிக்கிறேங்க. இதையெல்லாம் சங்கத்துல பேசமாட்டோம்" என்று அவள் நகர்ந்தாள். அதன் பிறகே அவருக்கு வாய் திறந்தது.

"வயித்துல புண்ணாகி ரத்தம் கசியுது" என்றார் டாக்டர். "ஆஸ்பிரின் நல்ல மருந்துதான். சாப்பிட்டுட்டு, அளவா, என்னிக்காவது போட்டா சரி. வெறும் வயித்துல தெனமும் போட்டா இப்படித்தான். கறுப்பாப் போன அன்னிக்கே வந்திருக்கணும். இனிமே நீங்க அதைத் தொடவே கூடாது. எந்த டாக்டர்கிட்ட போனாலும் இதைச் சொல்லிடுங்க."

ரத்தம் ஏற்றினார்கள். தேறி வீடு திரும்பிய பிறகு பேச்சுவார்த்தை மறுபடி தொடங்கியது.

"சாப்பிட்டுட்டு வந்தீங்களா?" என்று எல்லையம்மாள் கேட்டாள்.

"ஆச்சு. நீங்க?"

இதுவரை 'நீ' என்றே பேசிவந்தவர் தன்னை 'நீங்க' என்றதில் அவள் ஒரு கணம் தடுமாறினாள். இல்லை என்று தலையசைத்தாள்.

"அப்ப சாப்பிட்டு வாங்க. தெம்பா சண்டை போடலாம்."

சண்டை போட்டார்கள். கூலி அவர் சொன்னதற்கும் சங்கம் கேட்டதற்கும் நடுவில் முடிந்தது. மறுநாள் காலையில் அவர் வயலில் நாற்று நட ஆள் இறங்கியது.