நிற்பவை பட்டியலில் ஒரு பெண்

புதிய பணிப்பட்டியல் நடைமுறைக்கு வந்த மாதத்தின் முதல் தேதி, காலை ஒன்பதரை மணிக்கு, பள்ளிக்கூடச் சந்திப்பில் பிள்ளைகளைச் சாலை கடத்திவிடும் பெண்ணின் இரண்டு பாதங்களையும் நடைபாதை பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து அவள் அங்கேதான் நிற்கிறாள். அதே நாளில் தண்ணீர்வரியும் ஏறியிருந்ததால் ஊர் முதலில் தண்ணீர்வரியைப் பற்றித்தான் பேசியது. அவள் விஷயம் எங்கள் தெருவுக்கு வந்து சேரப் பகல் பன்னிரண்டாகிவிட்டது. அதுவும், வேலை முடிந்தால் நேராக வீட்டுக்கு ஓடுகிற பெண் இன்னும் வரவில்லையே, யாரோடு நின்று பேசிக்கொண்டிருக்கிறாள் பார்க்கலாம் என்று ஒருத்தி கிளம்பிப் போனதால்தான் தெரிந்தது. அந்த ஒருத்தி யார் என்று சொல்லமாட்டோம். நல்ல எண்ணத்தில்தான் போனாள்.

பட்டியலைத் திருத்த வேண்டியிருந்தது என்பதில் யாருக்கும் மாற்றுக்கருத்து இல்லை. நகராட்சியின் பகுதிநேர ஊழியர்கள் அறுபத்து மூன்று பேரும் முப்பத்து நான்கு வருடத்துக்கு முந்தைய பதவிப் பெயர்களில் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். நூலகத்தில் மாலை நேரம் உட்காரும் பெண், குதிரைத் தொட்டியில் தண்ணீர் நிரப்புபவர் என்று கையெழுத்துப் போட்டாள். ஊரில் குதிரை செத்து ஒரு தலைமுறை ஆகியிருந்தது. சாலை கடத்திவிடுகிறவளுக்குப் பெயர் விளக்கேற்றுபவர். சம்பளமும் விளக்கேற்றுகிற காலத்துச் சம்பளம்தான். இதையெல்லாம் ஒழுங்கு செய்ய வெளியூரிலிருந்து ஒரு நிபுணரை நகராட்சி வரவழைத்தது. கழுத்தில் நேரக்கருவி தொங்க, யாரைப் பார்த்தாலும் மேலிருந்து கீழாக ஒரு பார்வை பார்ப்பார். துணிக்கடைக்காரன்கூட அப்படி அளந்ததில்லை. அளவுகாரர் என்ற பெயர் இரண்டாம் நாளே ஒட்டிக்கொண்டது. அவர் ஆளுக்கொரு படிவம் கொடுத்தார். என்ன வேலை செய்கிறீர்கள் என்று இடதுபக்கம் எழுத வேண்டும், ஒவ்வொன்றுக்கும் எத்தனை நிமிடம் என்று வலதுபக்கம். கூட்டினால் வேலைநேரம் சரியாக வர வேண்டும்.

அந்த ஒரு வாரம் ஊரில் எழுத்தாளர்கள் பெருகினார்கள். பூங்காக் கதவைக் காலையில் திறந்து மாலையில் மூடுகிறவர் முப்பத்தொரு வேலைகள் எழுதினார்; அதில் ஒன்று, புதிய செடிகளுக்குத் தைரியம் அளித்தல், நான்கு நிமிடம். குதிரைத் தொட்டிப் பெண் பின்பக்கமும் எழுதி, கூடுதல் தாள் கேட்டு வாங்கினாள். சாலை கடத்திவிடுகிறவள் மட்டும் படிவத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, இரண்டு நாள் அலமாரிமேல் வைத்திருந்தாள். அவள் வீட்டுச் சுவருக்கும் எங்கள் சுவருக்கும் நடுவில் ஒரு செங்கல்தான், கேட்கக் கூடாது என்றாலும் கேட்கும். அவள் புருஷன் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். பக்கவாதம் வந்து வலதுபக்கம் விழுந்துபோனவர். வாய் கொஞ்சம் கோணினாலும் அதிகாரத்துக்கு ஒரு குறைவும் இல்லை.

“நாய் துரத்தினதை எழுதினியா?” என்றார்.

“அது என்னங்க வேலை? நாய் வந்தா யாரும்தான் துரத்துவாங்க.”

“ஷூ லேஸ் கட்டிவிடறது? மூக்கு சிந்திவிடறது? லாரிக்காரன்கிட்ட சண்டை போடறது?”

“போங்க. நாலு மணி நேரம் நிக்கிறேன். அதுக்குத்தானே சம்பளம் குடுக்கிறாங்க. இல்லாததை எழுதி நாளைக்கு எவனாவது கேட்டா என்ன சொல்றது?”

“இருக்கிறதைத்தான்டி எழுதச் சொல்றேன்!”

அவள் எழுதியது ஒரே வரி. இடதுபக்கம்: நிற்பது. வலதுபக்கம்: இருநூற்று நாற்பது நிமிடம். கூட்டல் சரியாக வந்த ஒரே படிவம் அதுதான் என்று அளவுகாரர் கூட்டத்தில் பாராட்டினாராம். பிறகு, குழப்பத்துக்கே இடமில்லாததால், அவளை நான்காம் நிலையில் சேர்த்தார். நான்காம் நிலை என்பது நிற்பவை. விளக்குக் கம்பங்கள், பஸ் நிறுத்தப் பலகைகள், தெருப்பெயர்க் கற்கள், மொத்தம் இருநூற்றுப் பதினொன்று. அவளோடு இருநூற்றுப் பன்னிரண்டு. விளக்கேற்றுபவரைவிட நிற்பவைக்கு மாதம் கொஞ்சம் கூடுதல்தான். அதில் அவளுக்குச் சந்தோஷமும் இருந்தது, மறைப்பானேன், ஆணை வந்த அன்று தெருவில் நாலு வீட்டில் சொல்லிவிட்டுப் போனாள். பூங்காக்காரருக்குக் கண்காணிப்பவை என்ற முதல் நிலை கிடைத்தது. முதல் தேதியிலிருந்து அவருக்கும் கண் மூடவில்லை. ஆனால் சம்பளம் இரட்டிப்பானதால் அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சந்திப்பின் எதிரே டயர் கடை வைத்திருப்பவர் அன்று மதியம் கடப்பாரை கொண்டுவந்து முயன்று பார்த்தார். நடைபாதைக் கல் உடைந்தது, அவள் அசையவில்லை. நகராட்சிப் பொறியாளர் வந்து, உடைந்த கல்லுக்கு டயர் கடைக்காரரிடம் அபராதம் வாங்கிக்கொண்டு போனார். ஒரு வாரத்தில் இடுப்பு இறுகியது, அடுத்த வாரம் கழுத்து. வேலைநேரத்தில் மட்டும் கை உயரும், குரலும் நன்றாக வரும். மற்ற நேரம் கண்ணும் வாயும்தான். பசி நாளுக்கு ஒரு கவளமாகக் குறைந்தது. மற்ற உபாதைகளும் நின்றன. எங்கள் தெருப் பெண்கள் முதலில் விசாரித்தது அதைத்தான் என்பதால் இங்கே எழுத வேண்டியிருக்கிறது. தூக்கம் நின்றபடியே வந்தது. அவள் அழுதது முதல் நாள் சாயங்காலம் மட்டும். அதுவும் தனக்காக இல்லை. “அவருக்கு யாரு சோறு போடுவா? தண்ணிகூட எடுத்துக் குடிக்க முடியாதே” என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் கேட்டாள். கேட்டவர்கள் வாட்சைப் பார்த்தார்கள்.

சோறு போட வந்தது அவள் நாத்தனார். தையல்காரி. இரும்பு அலமாரி ஒன்றுக்காகச் சண்டை போட்டு, ஒன்பது வருடம் அண்ணன் வாசலை மிதிக்காதவள். தையல் மெஷினைத் தலையில் வைத்துக்கொண்டு தெருவில் நுழைந்தாள். நேராகச் சந்திப்புக்குப் போய் அண்ணி எதிரே இறக்கிவைத்தாள்.

“ஒரே ஒரு வரி எழுதினியாமே அண்ணி. அலமாரிச் சண்டையில என்னைத் திட்டி மூணு பக்கம் கடுதாசி எழுதத் தெரிஞ்சுது. இதுக்கு எழுத வரலையா?”

“அவர் சாப்பிட்டாரா?”

“சாப்பிட்டான். உப்பு இல்லைன்னு சொல்லிட்டு சாப்பிட்டான்.”

மறுபரிசீலனைக்கு முப்பது நாள் கெடு. நாத்தனார் மனு எழுதி எடுத்துக்கொண்டு நகராட்சியின் மூன்றாம் மாடிக்குப் போனாள். கவுன்டரில் இருந்த குமாஸ்தா கெட்டவன் இல்லை, மூக்கடைப்பு உள்ளவன். சம்பந்தப்பட்டவர் நேரில் வந்து கையெழுத்திட வேண்டும் என்றான்.

“அவங்களால வர முடியாதுன்னுதானே சார் மனுவே!”

“அப்படின்னா மருத்துவச் சான்று கொண்டுவாங்க.”

“நோய் இல்லை சார். நிக்கிறாங்க.”

“நோய் இல்லைன்னா நேரில் வரலாமேம்மா.”

பதினாறு தடவை போனாள். பதினாறாம் தடவை குமாஸ்தா குரலைத் தாழ்த்தி, ஐந்து வருடம் கழித்துப் பட்டியல் மறுபடி திறக்கும், அப்போது புதிய படிவம் வீடு தேடி வரும், அதுவரை பொறுங்கள் என்றான். கண்டக்டரைப் பார்க்க வந்த டாக்டரிடம், அஞ்சு வருஷம் தாங்குவானா என்று கேட்டாள். டாக்டர் கைகழுவ எங்கே தண்ணீர் என்று கேட்டார். அன்றிலிருந்து அந்தக் குடும்பத்துக்கு ஒரே கணக்குத்தான். எது முதலில் வரும், படிவமா, மற்றதா.

அவள் முகம் டயர் கடையைப் பார்த்தபடி இறுகியிருந்தது. கடைக்கு மேலே ஒரு அறை காலியாக இருந்தது. நாத்தனார் பழைய வீட்டைக் காலி செய்து, அண்ணனை அங்கே ஏற்றி, கட்டிலை ஜன்னலோரம் போட்டாள். செங்கல் சுவர் வழியாகக் கிடைத்துவந்த செய்திகள் எங்களுக்கு அத்தோடு நின்றன. பிறகு டயர் கடையில் காற்றடிக்கிற சாக்கில்தான் எல்லாம் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. கண்டக்டர் தன் பழைய விசிலைத் தேடி எடுக்கச் சொல்லி இடது கையில் வைத்துக்கொண்டார். ஒரு விசில் என்றால் விழித்திருக்கிறேன். இரண்டு என்றால் சாப்பிட்டாயிற்று. பள்ளி நேரத்தில் அவள் கையிலிருக்கும் ‘நில்’ பலகையைத் தூக்கியதும் ஜன்னலிலிருந்து ஒரு விசில் வரும், வண்டிகள் நிற்கும். இரண்டு வரும், போகும். ஓட்டுநர்கள் கொஞ்ச நாள் மேலே பார்த்துத் திட்டினார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் டயர் கடைக்காரரும் நாத்தனாரும் அவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் வைத்தார்கள். நல்ல கையால் அவர் அவளுக்கு அந்த ஒரு கவளத்தை ஊட்டுவார். பாதி அவள் தாடையில் ஒட்டும். “முப்பது வருஷத்துல இன்னிக்குத்தான் எனக்கு ஊட்டிவிட்டார்” என்று அவள் சிரித்ததை நாங்களே கேட்டோம். ஏழாவது ஞாயிறு நோட்டீஸ் வந்தது. நான்காம் நிலை உடைமைகள்மீது பொருள்களையோ நபர்களையோ சாய்த்துவைப்பது தண்டனைக்குரியது. அபராதத்தை இரண்டு முறை கட்டினார்கள், மூன்றாவது முறை நகராட்சி ஆட்கள் நாற்காலியையே எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். யார் நகராட்சிக்குச் சொன்னது என்று தெருவில் ஒரு பேச்சு ஓடியது. நாங்கள் சொல்லவில்லை.

வருடத்துக்கு ஒருமுறை வர்ணம் அடிப்பவர்கள் வந்து முழங்கால்வரை மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை தீட்டிவிட்டுப் போவார்கள். முதல் வருடம் அவர்களுக்குக் கூச்சமாக இருந்தது, “மன்னிச்சுக்கங்க அக்கா” என்றார்கள். இரண்டாம் வருடம் குளிருகிறதா என்று கேட்டார்கள். மூன்றாம் வருடம் தங்களுக்குள் சினிமா பேசிக்கொண்டே அடித்தார்கள். நான்காம் வருடம் பள்ளிக்குப் புதிதாக வந்த ஒரு தாய், அந்தக் கம்பத்துக்கிட்ட நின்னுக்கோ கண்ணு, நான் வர்றேன் என்று மகளிடம் சொன்னாள். அதற்குள் ஒற்றை விசில் மெலிந்து, பக்கத்தில் லாரி போனால் கேட்காத அளவுக்கு ஆகியிருந்தது.

ஐந்தாம் வருட முடிவில் படிவம் வந்தது, வந்தபோது கண்டக்டர் உயிரோடுதான் இருந்தார். நாத்தனார் அறை முழுக்கத் தாளைப் பரப்பி எழுதினாள். ஊரே வந்து சொல்லிக்கொடுத்தது; அதில் எங்களுக்கும் பங்கு உண்டு. நாய் துரத்துதல், லேஸ் கட்டுதல், தொலைந்த குடைக்கு உரியவரைக் கண்டுபிடித்தல், பரீட்சை நாளில் அழுகிறவர்களைச் சமாதானப்படுத்துதல். நாற்பத்தேழு வேலைகள், கூட்டினால் சரியாக இருநூற்று நாற்பது. கண்டக்டர் கட்டிலிலிருந்து ஒவ்வொன்றுக்கும் நிமிடம் சொன்னார். காலை நேரத்தில் கை உயர்ந்தபோது அவள் கையெழுத்துப் போட்டாள். “நடக்க விடுவாங்களா? அவர் ரூமுக்கு மாடிப்படி எத்தனை?” என்று கேட்டாள். பத்தொன்பது என்றாள் நாத்தனார்.

அளவுகாரர் முன்னைவிடத் தலை நரைத்து வந்தார். போன தடவை படிவங்களை நம்பிச் செடிக்குத் தைரியம் சொல்கிறவரை முதல் நிலையில் வைத்ததற்காக அவர் கண்டிக்கப்பட்டிருந்தார். அதனால் இம்முறை ஒருநாள் தானே நேரில் பார்ப்பதை மட்டுமே கணக்கில் எடுப்பதென்று விதி போட்டுக்கொண்டார். எந்த நாள் என்று முன்கூட்டிச் சொல்லமாட்டார். சந்திப்புக்கு அவர் வந்த நாள் வியாழக்கிழமை. நாற்பத்தேழில் ஒரு பத்து நடந்தால்கூடப் போதும் என்று வேண்டிக்கொண்டிருந்த நாத்தனாருக்கு அவர் வந்ததே தெரியாது. முந்தின நாள் பகலில் விசில் நின்றுவிட்டிருந்தது.

சந்திப்பில் நின்றவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒரு விசிலுக்குக் காத்தாள், வரவில்லை. நாத்தனார் ஜன்னலுக்கு வந்து அதன் கதவை முழுக்கத் திறந்து வைத்தாள். வியாழன் காலை எட்டரைக்குப் பள்ளிக் கூட்டத்துக்கு நடுவே அமரர் ஊர்தி டயர் கடையிலிருந்து புறப்பட்டது. அவள் பலகையைத் தூக்கினாள். நான்கு பக்கமும் வண்டிகள் நின்றன. வண்டி அவள் எதிரே வந்ததும் ஓட்டுநர், யாரும் சொல்லாமல், நிறுத்தி இன்ஜினை அணைத்தார். டயர் கடைக்காரர் பின்கதவைத் திறந்துவிட்டார். அவளால் குனிய முடியாது, எட்ட முடியாது. பார்க்க மட்டும் முடிந்தது. அவள் பலகையை இறக்கவில்லை. பதினோரு நிமிடம் ஊர் நின்றது. ஒருவர்கூட ஹாரன் அடிக்கவில்லை. பிள்ளைகள் இரண்டு ஓரத்திலும் பையைக் கழற்றாமல் நின்றார்கள். அன்று அவள் லேஸ் கட்டவில்லை, நாய் துரத்தவில்லை, யாரையும் சமாதானப்படுத்தவில்லை. மதில் ஓரத்தில் அளவுகாரர் நேரக்கருவியைப் பார்த்துக் குறித்துக்கொண்டார்.

முடிவு அடுத்த மாதம் முதல் தேதி வந்தது. நான்காம் நிலையிலிருந்து மூன்றாம் நிலைக்கு உயர்வு: நின்றபடி தடுப்பவை. ரயில்வே கேட்டுக் கட்டைகளும் வாகன நிறுத்தத் தடுப்புகளும் இருக்கும் நிலை. சம்பளம் மறுபடி கொஞ்சம் கூடியது, நாத்தனார் மாதாமாதம் போய் வாங்கிவருகிறாள். நடைபாதை பாதத்தை விடவில்லை, மூன்றாம் நிலையில் பாதம் விடுவதற்கு இடமில்லை. ஆனால் கட்டைகள் திரும்ப வேண்டியவை என்பதால், அன்று காலை ஒன்பதரைக்கு அவளுடைய கழுத்தும் இடுப்பும் இளகின. டயர் கடைக்கு மேலே இப்போது தட்டச்சு கற்றுக்கொடுக்கிறார்கள், ஜன்னல் எப்போதும் திறந்திருக்கும். பிள்ளைகள் உள்ளே போனதும் அவள் பலகையை இறக்கிவிட்டு மறுபக்கம் திரும்பிக்கொள்கிறாள். அந்தப் பக்கம் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை, பள்ளிக்கூடத்து மதில்தான்.