தம்புரா நிற்கும் வரை

தம்புராவைத் தோளில் சாய்த்துக்கொண்டு காமாக்ஷி முதல் தந்தியை முறுக்கினாள். கட்டிலில் அவள் கணவர் ஜம்புநாதனுக்குக் காலையிலிருந்து பேச்சில்லை. போர்வை மேல் விரல்கள் மட்டும், நடுவிரல், ஆள்காட்டி விரல் என்று மாறி மாறி அசைந்தன. மகள் அனந்தலக்ஷ்மி வலி என்று நினைத்து நர்ஸுக்குப் போன் பண்ணப் போனாள். காமாக்ஷிக்குத்தான் புரிந்தது. மனுஷர் தம்புரா கேட்கிறார்.

ஆஸ்பத்திரியில் இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று குபெர்டினோ ஊரிலிருந்த வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள். அமெரிக்கச் சிநேகிதர் ராய் சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து கிளம்பிவிட்டார்; ஃப்ரீவேயில் நெரிசலாம். அவர் வரும்வரையாவது இவரைப் பிடித்து வைக்க வேண்டும். அதற்கு அவள் கையில் இருந்தது இந்த நாலு தந்திதான்.

ஜம்புநாதனுக்குச் சங்கீதம் தெரியாது. அக்கா பாடும்போது பின்னால் உட்கார்ந்து மீட்டியதோடு சரி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தேழில் பெர்க்லிக்குப் படிக்க வந்தவரை, பக்கத்து அறை ராய்தான் தம்புராவோடு ஒரு ரிக்கார்டிங்குக்கு இழுத்துக்கொண்டு போனார். ராயின் ‘ஃபெர்ரி லான்டர்ன்ஸ்’ கோஷ்டி அப்போது ஒரே மாதிரி கோட்டும் டையும் மாட்டிக்கொண்டு, ரேடியோவுக்கு ஏற்ற குட்டிக் குட்டி ஆட்டப் பாட்டுகளைப் பாடிக்கொண்டிருந்தது.

அன்று பாட்டு முடிகிற இடம் வந்தது. பாடுகிறவர்கள் முடிக்குமுன் தம்புராவை நிறுத்துவது மரியாதையில்லை என்று இவர் மீட்டிக்கொண்டேயிருந்தார். விருந்தாளி வாசிக்கும்போது நாம் எப்படி நிறுத்துவது என்று அவர்களும் விடவில்லை. நீயா நானா என்று டேப் தீரும்வரை போயிற்று. அந்த முடியாத பாட்டுதான் கோஷ்டியின் தலையெழுத்தை மாற்றியது. கோட்டு போயிற்று, முடி வளர்ந்தது, பாட்டும் வளர்ந்தது. பூங்காவில் ஜனங்கள் புல்லில் மல்லாந்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்கள். அப்புறம் அதுவும் அலுத்து, ஒரு மரக் கிட்டாரும் நாலு வரியுமாகச் சுருங்கினார்கள்.

கல்யாணமாகி வந்த காமாக்ஷி இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, “மொத்தத்துல ஒருத்தருக்கும் முடிக்கத் தெரியலைன்னு சொல்லுங்கோ” என்றாள். அதைச் சொல்லிச் சொல்லியே அவர் இத்தனை வருஷம் சிரித்தார்.

மீட்ட ஆரம்பித்ததும் அவர் விரல்கள் அடங்கின. மூச்சு நாதத்துக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. மத்தியான வெயில் திரைச்சீலை வழியாக மஞ்சளாக இறங்க, அறையே தண்ணீரில் மெல்ல மிதப்பதுபோல் இருந்தது. தெருவில் போன கார்களின் சத்தம்கூடச் சுருதியோடு சேர்ந்து வந்தது. காமாக்ஷிக்கு அழுகை வரவில்லை, பயமாகத்தான் இருந்தது. கை ஓய்ந்தால் மூச்சும் ஓய்ந்துவிடும் என்று மனசு அடித்துக்கொண்டது. தோள் கடுத்தது, அவள் நிறுத்தவில்லை.

ராய் வந்தார். தோள்வரை தொங்கிய முடி இப்போது பஞ்சாக நரைத்திருந்தது. கட்டிலுக்கு மறுபக்கம் உட்கார்ந்து, சிநேகிதரின் நெற்றியைத் தொட்டுவிட்டுக் கிட்டாரை எடுத்தார். தம்புராவுக்குச் சுருதி சேர்த்துக்கொண்டு அந்தப் பழைய பாட்டை ஆரம்பித்தார். அந்தக் காலத்து இரைச்சல் எதுவும் அதில் இல்லை. ஜம்புநாதன் கண்ணைத் திறந்து ராயைப் பார்த்தார்; பிறகு மனைவியைப் பார்த்தார். உதட்டோரம் சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்று வந்தது.

பாட்டு பாதியில் இருக்கும்போது மூச்சு வெளியே போனது, திரும்பி வரவில்லை.

அனந்தலக்ஷ்மி அப்பாவின் மார்பில் கை வைத்துப் பார்த்தாள். பிறகு அம்மாவின் தோளைத் தொட்டாள்.

“அம்மா, யூ கேன் ஸ்டாப் நவ்.”

“ராய் இன்னும் வாசிச்சிண்டிருக்காரேடி” என்றாள் காமாக்ஷி. “அவர் நிறுத்தாம நான் எப்படி நிறுத்தறது?”

ராய்க்குத் தமிழ் தெரியாது. கண்ணைத் துடைத்துக்கொண்டு தந்திகளின் மேல் ஓடும் அவள் விரல்களையே பார்த்தபடி, அவள் நிறுத்தட்டும் என்று வாசித்துக்கொண்டிருந்தார்.