முன்னறைக்கு ஒரு பந்தயம்

எங்கள் தெருவில் இன்ஷூரன்ஸ் ஏஜென்சி நடத்துகிறவளுக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் பளபளா. அவள் ஆபீஸ் கதவுக் கைப்பிடியில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம், அப்படித் துடைத்து வைத்திருப்பாள். வாடிக்கையாளர் எழுந்து போன சூடு ஆறுவதற்குள் நாற்காலியில் துணி விழும்.

அவளுடைய தம்பி அவளிடமே வேலை பார்க்கிறான். தம்பி பெண்டாட்டி ரிப்பேர்க்காரி. கொண்டையில் எப்போதும் ஒரு ஸ்க்ரூடிரைவர் செருகியிருக்கும். அதனால் அவள் ஸ்க்ரூ. மின்விசிறி, மிக்ஸி, பிரிண்டர் என்று எது வந்தாலும் மாடிச் சமையலறையில், அடுப்புக்குப் பக்கத்தில் மண்டிபோட்டு உட்கார்ந்துதான் பிரிப்பாள். என் வீட்டு ஜன்னலிலிருந்து நன்றாகத் தெரியும். பார்க்கவேண்டும் என்று பார்ப்பதில்லை. ஜன்னல் அந்தப் பக்கம் இருக்கிறது, நான் என்ன செய்ய?

கீழே ஆபீஸை ஒட்டிய முன்னறை காலியாகத்தான் கிடந்தது. அதில் பட்டறை போட ஸ்க்ரூ கேட்டாள். காத்திருப்பவர்களுக்கு சோஃபா போடப்போவதாக நாத்தனார் சொன்னாள். வீடு அக்கா தம்பி இருவருக்கும் பொது என்றாலும் வாய் அக்காவுடையது. ஒரு வருஷமாக இதே இழுபறி.

அன்று காலை ஆபீஸிலிருந்து கூச்சல் கேட்டது. என் பாலிசி முடிய இன்னும் எவ்வளவோ காலம் இருக்கிறது. இருந்தாலும் விசாரித்து வைப்பது நல்லதுதானே என்று போனேன்.

உள்ளே பாலிசி வாங்க வந்தவர்களின் கூட்டம். பிரிண்டர் கர்... கர்... என்று தொண்டையைச் செருமியதே தவிர, தாளைத் தொடவில்லை. தட்டு நிறையத் தாள் இருக்க, தாள் இல்லை என்று சிவப்பு விளக்கு வேறு. கம்பெனி மெக்கானிக் இரண்டு தடவை புது ரப்பர் உருளை போட்டாயிற்று. போட்ட புதிதில் ஓடும், கொஞ்ச நாளில் மறுபடி முரண்டு.

சத்தம் கேட்டு ஸ்க்ரூவும் மாடியிலிருந்து இறங்கி வந்தாள்.

"நான் பாக்கட்டுமா அண்ணி?"

"நீயா? இது மிக்ஸி இல்லம்மா, ஆபீஸ் மெஷின்."

"மிக்ஸிக்குக் கோவம் வந்தா விரலையே எடுத்துடும். இது ஒரு பேப்பரை எடுக்க மாட்டேங்குது. இதுக்கா பயப்படுவேன்?"

கூட்டம் சிரித்தது. பளபளாவுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"சரி பண்ணிடு, முன்னறை உனக்கு. முடியலையா, நாளைக்கே சோஃபா வந்து எறங்கும். அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. இதோ, எதிர்வீட்டம்மா சாட்சி!"

"அக்கா, எதுக்கு இப்ப..." என்றான் தம்பி.

"நீ சும்மா இரு," என்றார்கள் இருவரும் ஒரே குரலில். அந்தக் குடும்பத்தில் நான் பார்த்த ஒரே ஒற்றுமை அதுதான்.

ஸ்க்ரூ தாள்கட்டை எடுத்து விசிறி, ஓரம் தட்டி, தட்டில் சரியாகப் பொருத்திப் பொத்தானை அழுத்தினாள். கர்... கர்... சிவப்பு விளக்கு.

பளபளா மேஜையிலிருந்து டேப்பை எடுத்தாள். "டேய், இந்த முனையைப் பிடி. சோஃபாவுக்கு அளவு எடுக்கணும்." அவனும் முன்னறைச் சுவரோரம் போய்ப் பிடித்துக்கொண்டு நின்றான், பெண்டாட்டியின் முகத்தைப் பார்க்காமல்.

ஸ்க்ரூவின் காது சிவந்துபோயிற்று. இனி ஆயுசுக்கும் அடுப்படிதான். உருளையைக் கழற்றி விரலால் தடவினாள். தேய்மானமே இல்லை, கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது. மூக்கருகே கொண்டுபோனாள். அப்புறம் குனிந்து மேஜையையும் மோந்து பார்த்தாள்.

"ரிப்பேர் பண்ணச் சொன்னா மோந்து பாக்கறா!" என்றாள் பளபளா.

"அண்ணி, இந்த மெஷினைத் தொடைக்கிறது யாரு?"

"வேற யாரு? நான்தான். தெனமும், எலுமிச்ச வாசன பாலிஷ் போட்டு."

"வெளியில மட்டுமா?"

"என்னை என்னன்னு நெனச்சே? வெளியில மினுக்கிட்டு உள்ள அழுக்கா விடுறவளா நான்? மூடியைத் தொறந்து, அந்தக் கறுப்பு ரப்பரைக்கூட மின்ன மின்ன..."

சொல்லிக்கொண்டே காற்றில் தேய்த்துக் காட்டிய கை பாதியில் நின்றது.

"பேப்பரைப் பிடிச்சு இழுக்க வேண்டிய ரப்பர் அண்ணி அது. நீங்க அதைச் சறுக்குமரமா ஆக்கி வெச்சிருக்கீங்க. எத்தனை புதுசு போட்டாலும் நீங்க விடுவீங்களா!"

எல்லோரும் பார்க்க உருளையை ஒரு தாளின்மேல் வைத்து உருட்டினாள். அது வழுக்கிக்கொண்டு ஓடியது, தாள் அசையவில்லை. பிறகு ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் அழுத்தித் துடைத்தாள். மஞ்சள் மெழுகு கட்டியாக வந்தது. உப்புத்தாளால் இலேசாக ஒரு தேய்ப்பு. மறுபடி உருட்ட, தாள் கூடவே ஓடிவந்தது. மாட்டிப் பொத்தானை அழுத்தினாள்.

லபக்கென்று ஒரு தாளை விழுங்கியது பிரிண்டர். அடுத்தது, அதற்கடுத்தது. பாலிசிகள் வந்து விழ விழ, பெயர் கூப்பிடுவதற்குள் ஆளாளுக்குக் கை நீட்டினார்கள். யாரோ விசிலடித்தார்கள். (நானில்லை. எனக்கு விசிலடிக்க வராது.)

தம்பி டேப்பை விட்டுவிட்டான். அது சர்ரென்று சுருண்டு அக்கா கைக்கே போய்ச் சேர்ந்தது.

"சாட்சி என்ன சொல்லுது?" என்றாள் ஸ்க்ரூ என்னைப் பார்த்து.

"சாவியைக் குடுக்கச் சொல்லுது," என்றேன். இப்படி ஒரு வாய்ப்பை யார் விடுவார்கள்?

பளபளா இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள். புடவைத் தலைப்பில் ஒரு தடவை துடைத்துவிட்டுத்தான் கொடுத்தாள்.

இப்போது முன்னறை வாசலில் ரிப்பேர்க் கடை போர்டு தொங்குகிறது. வருகிறவர்களிடமெல்லாம் "என் தம்பி பொண்டாட்டி கடை" என்று பளபளாவே பீற்றிக்கொள்கிறாள். காலையில் ஸ்டூல் போட்டு ஏறி அந்தப் போர்டுக்குப் பாலிஷ் போடுகிறாள்.

"போர்டோட நிறுத்திக்குங்க அண்ணி!" என்று உள்ளேயிருந்து சத்தம் வருகிறது. "துணியோட உள்ள காலை வெச்சீங்க, அவ்வளவுதான்!"