வாய் திறக்காத சமர்த்து

அம்மா ஒரு பல் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்கிறாள். நோயாளிகள் வருவதற்குள் தரையைத் துடைத்து, சாய்வு நாற்காலியை மருந்துத் தண்ணீரால் துடைத்து, வாய் கொப்பளித்துத் துப்பும் கிண்ணத்தைப் பளபளவென்று தேய்த்து வைக்க வேண்டும். பள்ளிக்கூடத்தை விட்டு நின்றதிலிருந்து நானும் கூடப் போகிறேன். நான்கு வயதுத் தங்கச்சியை வீட்டில் விட்டுவர ஆளில்லை. வாளியும் துடைப்பமும் வைக்கிற அறையில் பழைய போர்வையை விரித்து, சர்க்கரை கரைத்த பால் பாட்டிலைக் கையில் கொடுத்துவிடுவாள் அம்மா. சத்தமே வராது. உறிஞ்சிக்கொண்டே தூங்கிவிடும்.

தங்கச்சியின் முன்பற்களில் பழுப்புக் கோடு விழுந்ததை நான்தான் முதலில் பார்த்தேன்.

"டாக்டரம்மாகிட்ட காட்டலாம்மா. இங்கதானே இருக்காங்க."

"பால்பல்லுடி. விழுந்து வேற முளைக்கப் போகுது. அதுக்குப் போய் மானத்தை வாங்கணுமா?"

அம்மா பயந்ததற்குக் காரணம் இருந்தது. சொத்தைப் பல்லோடு குழந்தைகளைக் கூட்டிவருகிறவர்களை டாக்டரம்மா கிழிகிழியென்று கிழிப்பார். "தூங்குறப்ப வாயில பாட்டிலா? பல்லு முளைச்சதுமே தேய்ச்சுவிட ஆரம்பிச்சிருக்க வேணாமா?" இதையெல்லாம் அம்மா துடைப்பத்தோடு நின்று கேட்டிருக்கிறாள்.

"படிச்சதுங்களுக்கே இந்தப் பாட்டு விழுது. பல் ஆஸ்பத்திரியிலேயே வேலை செய்யற என்னைச் சும்மா விடுவாங்களா?" என்றாள்.

அதனால் தங்கச்சிக்கு ஒரு பாடம் நடந்தது. "டாக்டரம்மா வந்தா வாயைத் திறக்கக் கூடாது. சிரிச்சாலும் உதட்டை மூடிக்கிட்டுத்தான். சரியா செல்லம்?"

அவளுக்கு அது விளையாட்டு. வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டாலே உதடுகளை உள்ளே மடித்துக்கொள்வாள். டாக்டரம்மா அவள் தலையைத் தட்டிவிட்டுப் போவார். "என்ன சமர்த்து! இங்க வர்ற வாண்டுங்க எல்லாம் ஊரையே கூட்டுது. இவ வாயே திறக்க மாட்டேங்கிறாளே!"

அம்மாவுக்கு வாயெல்லாம் பல்.

கோடு கறுப்பாகி, பற்கள் முனையில் உதிரத் தொடங்கின. தங்கச்சி ஒரு பக்கமாகவே மென்றாள். பிறகு மெல்லவே மறுத்தாள். சாப்பிடாத பிள்ளைக்குத் தெம்பு வேண்டுமென்று அம்மா பாலில் இன்னொரு கரண்டி சர்க்கரை போட்டாள்.

ஒருநாள் காலையில் கன்னம் பந்துபோல் வீங்கி, உடம்பு கொதித்தது. அம்மா அவள் முகத்தைச் சுற்றித் துணியைக் கட்டினாள். "கேட்டா சளின்னு சொல்லு" என்றாள் என்னிடம்.

வாளி அறைக்குக் கையுறைப் பெட்டி எடுக்க வந்த டாக்டரம்மா துணியை விலக்கிப் பார்த்தார்.

"எங்கே கண்ணு, ஆ காட்டு."

தங்கச்சி அம்மாவைப் பார்த்தாள். உதடுகள் மடிந்தன. கண்ணீர் வழிந்து மோவாயில் சொட்டியது. வாய் மட்டும் திறக்கவில்லை.

"வலிக்காது. திற பாக்கலாம்."

"அம்மா, நீ சொன்னாத்தான் திறப்பா" என்றேன்.

"திறடி" என்றாள் அம்மா.

டாக்டரம்மா விளக்கடித்துப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"சீழ் வச்சு உள்ளே இறங்கியிருக்கு. முன்னாடி நாலு, பின்னாடி ரெண்டு, எடுத்துத்தான் ஆகணும்."

"பால்பல்லுதானேம்மா..."

"பால்பல்லுதான். அதுதான் அடுத்த பல்லுக்கு இடம் பிடிச்சு வைக்குது. சீழ் அடியில இருக்கிற பல்லையும் கெடுத்திருக்கலாம். கோடு விழுந்தப்பவே காட்டியிருந்தா மருந்து பூசியே நிறுத்தப் பாத்திருப்பேன். தினமும் இந்த வாசலைத் தாண்டித்தானே நான் போறேன்?"

அம்மா வாளியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மருந்தில் வீக்கம் வடிந்தபின் பற்களை எடுத்தார்கள். தங்கச்சியை நான் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். அடுத்த நோயாளி காத்திருந்தார். நாற்காலியையும் கிண்ணத்தையும் கழுவ வேறு ஆளில்லை. அம்மாதான் கழுவினாள்.

இப்போது வீட்டில் பாட்டில் இல்லை. அம்மா தினமும் பிரஷ்ஷோடு அவள் முன்னால் உட்காருகிறாள். "ஆ காட்டும்மா. இருக்கிறதையாவது காப்பாத்தலாம்."

தங்கச்சி வாசலைப் பார்க்கிறாள், டாக்டரம்மா வருகிறாரா என்று. உதடுகளை உள்ளே மடித்துக்கொண்டு, சமர்த்தாக உட்கார்ந்திருக்கிறாள்.