தார்ப்பாய் அவிழ்த்த வீடு

புஷ்பவல்லி குழிக்குள் குனிந்து, பின்பக்கமாக நடந்தபடியே பெருக்கிக்கொண்டு வந்தாள். முன்பக்கமாக நடந்தால் பெருக்கிய மண்ணில் காலடி விழும், படத்தில் அசிங்கமாகத் தெரியும். அகழாய்வுக் கூலிக்கு வந்த புதிதிலேயே இதைக் கற்றுக்கொண்டுவிட்டாள். இந்த வேலையில் அவளை யாரும் ஒரு குறை சொன்னதில்லை.

முத்தாண்டிக்குப்பத்தை ஒட்டிய முந்திரித் தோப்பின் ஓரத்தில் இருந்தது அந்த மேடு. அதற்குள் வாய் உடைந்த தாழிகள், செத்தவர்களைப் புதைத்த பழங்காலத்துப் பானைகள். மேட்டின் மேலே புதுச்சாலை வரப்போகிறது. அதற்கு முன்னால் ட்ரோனில் நூற்றுக்கணக்கான படம் எடுத்து, கம்ப்யூட்டரில் கோத்து, மேட்டை அப்படியே உருவமாக்கி வைத்துக்கொள்வார்களாம். சொன்னவன் ட்ரோன் ஓட்ட வந்த வெங்கடேஷ். நெய்வேலி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன், அப்பா நிலக்கரி மைன்ஸில் பர்மனன்ட். நல்ல பிள்ளை, தன் தண்ணீர் பாட்டிலைக் கேட்காமலே நீட்டுவான்.

"அசையுறது எதுவும் இருக்கக் கூடாதுக்கா. ஆளு, ஆடு, துணி, எதுவும். அசைஞ்சா மாடல் கெட்டுடும்" என்றான். சொல்லிவிட்டு மேட்டோரம் பார்த்தான்.

அங்கேதான் புஷ்பவல்லியின் வீடு. புறம்போக்கு, மண்சுவர். போன ஐப்பசி மழையில் கூரை போய், நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தாள். அது காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

"அதுக்கு இன்னா தம்பி, கொஞ்ச நேரம் அவுத்து வச்சிட்டா போவுது."

அவளே போனாள். நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த புருஷன் அய்யனாரை எழுப்பினாள். மைன்ஸில் கான்ட்ராக்ட் கூலியான அவன் முணுமுணுத்துக்கொண்டே கயிற்றுக் கட்டிலைத் தூக்கி முந்திரி மரத்தடியில் போட்டான். தார்ப்பாய், ஆடு, பானை சட்டி, கொடியில் கிடந்த சேலை, அடுப்புக்கல் எல்லாவற்றையும் அப்புறப்படுத்தினார்கள். யாரும் சொல்லாமலே வாசலையும் பின்பக்கமாக நடந்து பெருக்கினாள்.

ட்ரோன் தலைக்கு மேல் போய்ப் போய் வந்தது. சாயங்காலம் வெங்கடேஷ் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினான். "சூப்பர்க்கா. ஒரு காலடி கூட இல்ல." அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

சில மாதங்கள் கழித்து, சாலைக்கு நிலம் எடுக்கும் அலுவலகத்தின் பெஞ்சில் அவளும் அய்யனாரும் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார்கள். அய்யனாருக்கு அன்றைய ஷிப்ட் போச்சு. நிலம் எடுக்கும் அறிவிப்பு வருவதற்கு முன்பே ஆள் குடியிருந்த வீட்டுக்கு மட்டும் மாற்றுமனை உண்டு. பட்டியலில் அவர்கள் வீடு இல்லை. ரேஷன் கார்டோ இன்னும் குள்ளஞ்சாவடி மாமியார் வீட்டு விலாசத்திலேயே கிடந்தது.

அதிகாரி சிடுசிடுப்பவர் அல்ல. இருவரையும் எதிரே உட்காரச் சொல்லி, திரையைத் திருப்பிக் காட்டினார். அதே மேடு, அதே உருவம். அறிவிப்புக்கு முன்னால் எடுத்த படம் இது ஒன்றுதானாம்.

"கூரை இல்ல, அடுப்பு இல்ல, ஒரு சட்டி பானை இல்ல. குட்டிச்சுவரை ஆள் இருக்கிற வீடுன்னு எப்படிம்மா எழுதறது?"

"கூரை இருந்திச்சிங்க. படத்துக்காவ நாந்தாங்க அவுத்தேன்."

அறிவிப்பு வந்த பிறகு தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு நிறைய பேர் வருகிறார்கள் என்றார் அவர். பேச்சில் கோபம் இல்லை, அலுப்புதான் இருந்தது. ட்ரோன் தம்பியைக் கேட்டுப் பாருங்க என்று கெஞ்சினாள். கேட்டால் மட்டும் என்ன ஆகிவிடும் என்று அவளுக்கே தெரியவில்லை. வெங்கடேஷ் வேறு மாநிலத்தில் வேலையாக இருந்தான். கம்பெனியில் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்று போனில் சொன்னதோடு சரி.

அதிகாரி மவுஸை உருட்டி அவள் வாசலைப் பக்கத்தில் கொண்டுவந்தார்.

"நீங்களே பாருங்க. ஒரு காலடி கூட இல்ல."

அய்யனார் எட்டிப் பார்த்தான். திரையில் துடைப்பக் கோடுகள் ஒன்றுகூடக் கலையாமல், விசிறி விசிறியாக, வாசற்படியில் தொடங்கி வீட்டைவிட்டு வெளியே போய்க்கொண்டிருந்தன.