வில்லனுக்கு ஒன்பது வயது

கூர் நகரில் இருந்த அந்தச் சிறிய கார்ட்டூன் நிறுவனத்தில், ஏழாம் அத்தியாயம் மாலை நான்கு மணிக்குப் பூட்டப்படவிருந்தது. பூட்டியபின் ஒரு கோட்டைக்கூட மாற்ற முடியாது. சனிக்கிழமை அது தொலைக்காட்சியில் வந்துவிடும். தான் தொட்டவர்களின் வாயையெல்லாம் உறையவைக்கும் உறைவன் எப்படி வில்லனானான் என்பதே அதன் கதை. எழுதி வரைந்தவள் டிலக்ஷி. அவளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவன் அவளுடைய அண்ணன் நிருபன். அவள் அனுப்பிய முன்னோட்டத்தை முந்தின இரவு பார்த்தவன், காலையில் தொழிற்சாலைக்கு லீவு சொல்லிவிட்டு லாங்கன்தாலிலிருந்து ரயிலேறி வந்திருந்தான்.

திரையில் ஒன்பது வயதுப் பையன் ஒருவன் மருத்துவருக்கும் தகப்பனுக்கும் நடுவில் நின்றான். தகப்பனுக்கு அந்நாட்டு மொழியான டொச் தெரியாது. தாய் இன்னும் சில நாட்களே இருப்பாள் என்றார் மருத்துவர். பையன் தகப்பனை அண்ணாந்து பார்த்து, மருந்தை மாற்றினால் சுகமாகிவிடுமாம் என்றான். தகப்பன் நிம்மதியாக வேலைக்குப் போனார். தாய் தனியே இறந்தாள்.

"நிப்பாட்டு," என்றான் நிருபன்.

அவள் நிறுத்தினாள்.

"மகள் எழுதின படம் வருது எண்டு அப்பா கோயில்ல ஒருத்தரையும் விடாமல் சொல்லி வைச்சிருக்கிறார். அவர் அந்த ஆஸ்பத்திரி அறையை மறந்திருப்பார் எண்டு நினைக்கிறியோ?"

"இது கதைதானே, அண்ணா."

"ஓம், கதைதான். அப்பான்ர கிச்சின் ஏப்ரனைக்கூடக் கழட்டாமல் கீறி வைச்சிருக்கிறாய்."

அகதியாய் வந்த வீடுகளில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைதான் மொழிபெயர்ப்பாளர். அரசாங்கக் கடிதமும் நோயும் பிள்ளையின் வாய்வழியேதான் பெற்றோரை வந்தடையும். அதில் பிழை இருப்பதாக எவரும் நினைத்ததில்லை. மருத்துவர்தான் உண்மையை மறைத்தார் என்று அவர்களுடைய தகப்பன் குலேந்திரன் இருபத்திரண்டு ஆண்டுகளாக நம்பிவந்தார்.

நிருபன் குரலைத் தாழ்த்தினான். "நான் மாத்திச் சொன்னதை இண்டைவரைக்கும் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. உனக்கு எப்பிடித் தெரியும்?"

இந்தக் கேள்வி வரக்கூடும் என்பது, மூன்று மாதம் எழுதியும் அவளுக்குத் தோன்றவில்லை.

"நானும் அந்த அறைக்குள்ளதான் நிண்டனான்."

"உனக்கு ஏழு வயது."

"ஏழு வயதுக்கு டொச் விளங்காதோ? உன்னைவிட எனக்கு நல்லாய் விளங்கும்."

"அப்ப ஏன் பேசாமல் நிண்டனி?"

"நீ சொன்னதுதான் எனக்கு வேண்டியிருந்தது."

நிருபன் கதிரையை இழுத்து உட்கார்ந்தான். மணி மூன்றைத் தாண்டிப் பத்து நிமிடமாகியிருந்தது.

"வெட்டி விடுறன், அண்ணா. ஒரு நிமிஷ வேலை."

"வெட்டினால் உறைவன் காரணமில்லாத வெறும் கெட்டவன்." அவன் திரையிலிருந்த பையனை வெகுநேரம் பார்த்தான். "இவ்வளவு வருஷமும் நான் தனியத்தான் நிண்டனான் எண்டு நினைச்சுக்கொண்டு திரிஞ்சிருக்கிறன். இவனையும் தனியத்தான் நிப்பாட்டியிருக்கிறாய். பக்கத்தில தங்கச்சியையும் கீறு."

டிலக்ஷி இயக்குநரை அழைத்தாள். அவர் கடிகாரத்தைக் காட்டி முணுமுணுத்தார். அசையாத உருவமென்றால் மட்டும் சேர்க்கலாம் என்றார். கட்டிலின் கால்மாட்டில் ஒரு சிறுமியை வரைந்தாள் டிலக்ஷி. முகத்தை இரண்டு முறை அழித்தாள். மூன்றாம் முறை வந்த முகத்தை அப்படியே விட்டாள். நான்குக்கு நான்கு நிமிடம் இருக்கையில் அத்தியாயம் பூட்டப்பட்டது.

"சனிக்கிழமைக்கு முன்னம் அப்பாவுக்குத் தெரியவேணும்," என்றான் நிருபன்.

"ஆர் சொல்லுறது?"

"உனக்குத்தானே டொச் நல்லாய் விளங்கும்?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை, அவனுக்கும்தான். டாவோஸ் ஊர் ஹோட்டல் சமையலறையில் மதிய வேலை முடித்து, இரவு வேலைக்கு முன் தகப்பன் தன் அறைக்கு வந்திருக்கும் நேரம் அது. அவள் எண்ணை அழுத்தி, இருவருக்கும் கேட்கும்படி கைப்பேசியை மேசைமேல் வைத்தாள்.

"என்ன பிள்ளை, படம் முடிஞ்சுதோ?"

"முடிஞ்சுது அப்பா. அண்ணாவும் இஞ்சதான் நிக்கிறான்."

"இண்டைக்கு வேலைநாளெல்லோ? அவனுக்கு அங்க என்ன வேலை?"

நிருபன் கைப்பேசியின் பக்கம் குனிந்தான். "அப்பா, அம்மாவைப் பற்றிக் கதைக்கவேணும். நாங்கள் ரெண்டு பேரும்."

மறுமுனையில் தண்ணீர்க் குழாயை மூடும் ஓசை கேட்டது.

"சொல்லுங்கோ," என்றார் குலேந்திரன்.